சாரதி ஆயுதம் எடுப்பதில்லை

அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒரே வாரத்தில் சுற்றிக்காட்டும் சுற்றுலாக்களில் இப்போது ஒரு புதுச் சரக்கு சேர்ந்திருக்கிறது. கோட்டை, மடாலயம், கடல்முகடு என்று கண்ணுக்கு மட்டும் தீனி போட்டால் போதாதாம். கைகாலுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டுமாம். ஆகவே காலையில் ஒரு கோட்டை, மத்தியானம் ஒரு மணி நேரம் துடுப்புப் படகு. ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் குன்று. விளம்பரத் தாளில் இதன் பெயர் ‘மிதமான சாகசம்’. எலும்பு முறியாது, முட்டி மட்டும் வலிக்கும், ராத்திரி வெந்நீரும் ஆட்டுக்கறி ஸ்டூவும் நிச்சயம் என்று அதற்கு அர்த்தம். பென்ஷன் வரத் தொடங்கிவிட்ட, ஆனால் கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிற வயதுக்காரர்கள் எங்கெங்கிருந்தோ இதற்கு வந்து சேர்கிறார்கள்.

அவர்களைக் கிண்டல் செய்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தவர் முன் ஸீட்டில் இருப்பவர்.

இருபது பேர் கொள்ளும் பஸ். அதை ஓட்டுபவரே கதையும் சொல்வார். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை என்பது கம்பெனி போட்ட கணக்கு. அவரைக் கேட்டால், பேசுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள், வண்டியைச் சும்மா ஓட்டிக்கொடுக்கிறேன் என்பார். வயது அறுபதை ஒட்டி. முன்பு வேறு ஏதோ வேலை பார்த்திருப்பார்: பால் மாடு வைத்திருப்பார், போலீஸில் இருந்திருப்பார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருப்பார். பேச்சைக் கேட்டால் மூன்றும் பார்த்தவர் என்று தோன்றும். நீல ஸ்வெட்டர், ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற தொப்பை, காதிலிருந்து வாய்க்கு வளைந்து வருகிற மைக். மைக்கை அணைத்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. முதல் வரிசைக்காரர்களுக்கு அது இலவச இணைப்பு.

இவருடைய முதல் இலக்கணம் இது: சாகசத்துக்கு எல்லோரையும் அனுப்புவார், தான் இறங்க மாட்டார். குருக்ஷேத்திரத்தில் தேரோட்டியவரும் இதே நிபந்தனையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டுவேன், பேசுவேன், ஆயுதம் மட்டும் தொட மாட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்தான் பாவம், வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. நம்முடையவரும் பதினெட்டு அத்தியாயத்துக்குக் குறையாமல் உபதேசித்துவிட்டு, கதவைத் திறந்து, “போய் வாருங்கள், பிரமாதமாக இருக்கும்” என்பார். “நீங்கள் வரவில்லையா?” என்று கேட்டால் முகத்தில் ஒரு தியாகக் களை வரும்.

“பஸ்ஸை யார் பார்த்துக்கொள்வது?”

பஸ்ஸுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? கண்ணுக்கெட்டிய தூரம் ஆடுகள்தான் நிற்கின்றன. ஆடு பஸ் கடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை; அந்தக் கேள்வியை அவர் கேட்கிற விதம் அப்படி. எல்லோரும் இறங்கியதும் ஃப்ளாஸ்க் திறக்கும், ரேடியோவில் ஹர்லிங் ஆட்டம் கேட்கும்.

கோனமரா தேசியப் பூங்காவில் டயமண்ட் ஹில் என்றொரு குன்று. 442 மீட்டர். அடிவாரம் கடலிலிருந்து அதிக உயரத்தில் இல்லாததால் அந்த 442-இல் பெரும்பகுதியை நம் காலாலேயே ஏற வேண்டும். சதுப்பின் மேல் பலகை போட்ட பாதை, அதன் பிறகு கல் படிகள், கடைசியில் காற்று. இதையெல்லாம் அவர் சொல்வதில்லை. “மலையா? ஒரு மேடு அது. என் பாட்டி தினமும் ஏறி இறங்கிவிட்டுத்தான் பால் கறக்க உட்காருவாள்” என்பார். இந்தப் பாட்டியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். கெரியில் ஒரு குன்றில் ஏறினாள், மேயோவில் ஒரு விரிகுடாவை நீந்திக் கடந்தாள், கிளேரில் ஒரு காளையை அடக்கினாள். இத்தனை மாவட்டத்திலும் எப்போதுதான் குடியிருந்தாளோ!

குன்றிலிருந்து எல்லோரும் நனைந்து திரும்புகிறோம். எவரெஸ்ட்டுக்குப் போதுமான கருவிகளோடு வந்திருந்த ஜெர்மன்காரரின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவருடைய கால்சட்டையில் எண்ண முடியாத ஜிப்கள். எல்லாவற்றின் வழியாகவும் மழை உள்ளே போயிருந்தது.

“மேலே காட்சி எப்படி?” என்கிறார் டிரைவர்.

“மேகம்தான் தெரிந்தது.”

“நல்ல மேகமா?”

மேற்குக் கரையின் சில பகுதிகளில் வருஷத்துக்குச் சுமார் 225 நாள் மழை பெய்கிறது. கிழக்குக் கரையில் 150 அளவில். இது வானிலைத் துறையின் கணக்கு. அவருடைய கணக்கில் மழை என்பதே அபூர்வம். கண்ணாடியில் வைப்பர் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது, “காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது” என்பார். சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினால், “புல்லுக்கு நல்லது.” உண்மையான கொட்டு மழை என்று அவர் ஒப்புக்கொள்வது தன் சிறுவயதில் பெய்த ஒன்றை மட்டும்தான். அதில் பாட்டியின் மாடு அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஊரில் கரை ஏறி, அங்கேயே கன்று போட்டது.

இப்படி வாய் திறந்தால் வாணவேடிக்கை விடுகிற மனிதர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் பொய் சொல்வதில்லை. அந்த ஆள் டாஷ்போர்டில் இருக்கிற டேகோகிராஃப். சக்கரம் எத்தனை நேரம் சுற்றியது, எத்தனை நேரம் நின்றது என்று எழுதிக்கொண்டே இருக்கும் பெட்டி. ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. அவர் நமக்குச் சொல்கிற நேரம் ஒன்று, பெட்டிக்குச் சொல்கிற நேரம் வேறு. “இன்னும் இருபது நிமிஷம்” என்று நம்மிடம் சொன்னால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வு 45 நிமிஷம் என்றால் நாற்பத்து நாலாவது நிமிஷத்தில் பாதிரியாரே வந்து கெஞ்சினாலும் சாவி திரும்பாது. ஒருமுறை ஓஹையோக்காரர் ஒருவர், “எல்லோரும் வந்தாயிற்றே, கிளம்பலாமே?” என்றார். டிரைவர் பெட்டியைக் காட்டி, “என் மனைவியிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இவளிடம் முடியாது” என்றார்.

அவர் இறங்காததைச் சோம்பல் என்று நினைத்திருந்தவர்கள்கூட, அவர் ஓட்டுவதைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொள்கிறார்கள். சாகசம் முழுவதும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே நடந்துவிடுகிறது. கெரி வளையம் 179 கிலோமீட்டர். இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று கடலில் இறங்க வேண்டும், அல்லது ஒரு மைல் பின்னால் போக வேண்டும். அதனால் சுற்றுலாப் பஸ்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலேயே போவது அங்கே நெடுநாள் வழக்கம். வாடகைக் கார்க்காரர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதே அவர்களில் பாதிப் பேருக்கு அன்று காலையில்தான் தெரிந்திருக்கும். வளைவு திரும்பியதும் எதிரே ஒரு வெள்ளைக் கார், உள்ளே நாலு பயந்த முகங்கள். நம்மவர் கதையை நிறுத்துவதில்லை. ஒரு கையால் ஸ்டீயரிங்கை ஒடித்து, வேலி முள் ஜன்னலைக் கீறுகிற இடத்துக்குப் பஸ்ஸை ஒதுக்கி, கார் போனதும் விட்ட வாக்கியத்திலேயே தொடர்வார். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நம் ஊர் மலைப்பாதைகளில் அரசு பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு அந்த அவசியம் இல்லை. ஹார்ன் அடிக்காமல் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார் என்ற வியப்பு மட்டும் வரும்.

உள்ளூர்க்காரர் எதிரே வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் ஓர் அங்குலம் எழும். அவ்வளவுதான் வணக்கம். வெள்ளைத் தலை ஒன்று நடு ரோட்டில் கார் ஓட்டி வந்தால், “அதோ எழுபத்தொன்பது வருகிறது” என்பார். அந்த வருஷத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. டிரைவிங் டெஸ்ட்டுக்குக் காத்திருந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகவே, 1979-இல் தற்காலிக லைசென்ஸ் வைத்திருந்த பல்லாயிரம் பேருக்கு டெஸ்ட்டே இல்லாமல் முழு லைசென்ஸ் கொடுத்துவிட்டது அரசாங்கம். இதைச் சொன்னதும் பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், அவருடைய கற்பனை வளத்தை மெச்சினார்கள். இதுவோ சுத்தமான உண்மை.

நடுவில் புல் முளைத்த கிராமத்துச் சாலைகளில்கூட 80 கிலோமீட்டர் வேகம் போகலாம் என்றுதான் சட்டம் இருந்தது. 2025 பிப்ரவரியில் அதை 60 ஆகக் குறைத்தார்கள். “எழுதிவைக்க இரண்டும் அழகான எண்கள்தான்” என்றபடி அவர் முப்பதில் போய்க்கொண்டிருந்தார்.

இந்த மனிதரிடம் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். அவருடைய பொய்களை ஊர் நம்புகிறது. உண்மைகளைத்தான் நம்ப மறுக்கிறது. ஆட்டின் முதுகில் பூசியிருக்கும் சாயம் இன்னாருடைய மந்தை என்பதற்கான அடையாளம். அவர் விளக்கமோ வேறு: நீல முதுகு ஆடுகள் டப்ளின் கால்பந்து அணியின் ரசிகர்கள், சிவப்பு முதுகு மேயோவின் ரசிகர்கள், மேயோ 1951-க்குப் பிறகு அகில அயர்லாந்துக் கோப்பையை ஜெயிக்கவே இல்லை, அதனால்தான் சிவப்பு ஆடுகளின் முகத்தில் அந்தச் சோகம். மேயோ ஜெயிக்காதது நிஜம். ஆடுகளின் விஷயத்தை ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தைக் கடக்கும்போது ஒரு முள்மரத்தைப் பற்றிச் சொன்னார். புது நெடுஞ்சாலைக்காக அதை வெட்ட இருந்தார்கள். மன்ஸ்டர் பிரதேசத்துத் தேவதைகள் கான்னாக்ட் தேவதைகளோடு சண்டைக்குப் போகுமுன் கூடுகிற இடம் அது, வெட்டினால் சாலையில் விபத்து நடக்கும் என்று 1999-இல் கிராமியக் கதைசொல்லி ஒருவர் பத்திரிகைகளுக்கு எழுதினார். மரத்தை விட்டுவைக்கும்படி சாலைத் திட்டம் திருத்தப்பட்டது. தேவதைகள் உண்டு என்று இன்ஜினீயர்கள் நம்பினார்களா என்பது வேறு விஷயம். இதைக் கேட்டதும் அதே பெண்மணி பேனாவை மூடிவிட்டு, “எங்களை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்றார்.

மோஹர் கடல்முகடுகளில் அவர் கதை எதுவும் சொல்வதில்லை. 214 மீட்டர் செங்குத்துப் பாறைக்கு வக்காலத்துத் தேவையில்லை. உச்சியில் நிற்கும் கோபுரத்தை 1835-இல் கார்னீலியஸ் ஓப்ரையன் என்ற நிலப்பிரபு கட்டினார். அந்த வட்டாரத்தில் முகடுகளைத் தவிர மற்றதெல்லாம் அவர் கட்டியதுதான் என்று ஊரார் சொல்வார்கள். அந்தப் பழைய ஜோக்கைப் புதிதாகப் போட்டுவிட்டு, “ஓரத்துக்குப் போகாதீர்கள். பின்பக்கமாக நடந்துகொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். எனக்கு இருபது பேர் கணக்கு வர வேண்டும்” என்று எச்சரித்துவிட்டுக் கதவைத் திறந்தார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

ஸ்கெல்லிக் மைக்கேல் தீவைப் பற்றி அவர் பேசிக் கேட்க வேண்டும். அட்லாண்டிக்கில் கூர்மையாக எழும் பாறை. அதில் ஆதித் துறவிகள் அறுநூற்றுக்கு மேற்பட்ட படி வெட்டி, சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் குடில் கட்டி வாழ்ந்தார்கள். 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பிறகு ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தார்கள். படி ஈரமானால் எந்தக் கால் முதலில் வைப்பது, குடிலுக்குள் காற்றின் சத்தம் எப்படி மாறும், பஃபின் பறவை எந்தப் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் வழுக்கியது. போர்ட்மகீ துறைமுகத்தில் டீ வாங்கும்போது கடைப் பெண்ணிடம் இவருடைய ஞானத்தைப் புகழ்ந்தேன். அந்தப் பெண் கப்பைத் துடைத்துக்கொண்டே, “அவரா? ஒருநாளும் போனதில்லை. கட்டிவைத்த படகைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும்” என்றாள். அன்று அலை அதிகம் என்று படகு போகவில்லை. அங்கே அது அடிக்கடி நடப்பதுதான். எல்லோரும் சோர்ந்து நிற்க, அவர் மட்டும் உற்சாகமாகிவிட்டார். கரையிலேயே நிறுத்திவைத்து அரை மணி நேரம் தீவைச் சுற்றிக்காட்டினார். பிற்பாடு, போய்ப் பார்த்த ஒருவரின் வர்ணனையைக் கேட்டேன். இவருடையதில் பாதி தேறாது.

லீனேனிலிருந்து லூயிஸ்பர்க் போகும் சாலை டூலோ பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கறுத்த ஏரி. அதற்கு முன்தான் கில்லரி விரிகுடாவில் எல்லோரும் துடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தோம். ஜெர்மன்காரர் தன்னைச் சுற்றியே வட்டமடித்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரம், டிரைவர் மைக்கை அணைத்தார். சாலையோரம் ஒரு கல் சிலுவை. பஸ்ஸை நிறுத்தினார். கதவைத் திறந்தார். அவரும் இறங்கினார்.

1849-இல் பஞ்ச நிவாரணம் கேட்டுப் பசியோடு இந்த வழியாக நடக்கவைக்கப்பட்டவர்களில் பலர் சாலையிலேயே விழுந்து செத்தார்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். பாட்டி இல்லை, மாடு இல்லை. இதை மட்டும் சொன்னார். எதிர் மலைச் சரிவில் வரிவரியாகத் தெரிந்த மேடுகளைக் காட்டினார். அப்போது கிழங்கு நட்ட பாத்திகளாம், பிறகு யாரும் மண்ணைப் புரட்டவில்லையாம். கல்லில் காந்தியின் வாசகம் ஒன்று பொறித்திருக்கிறது. அதை வாசித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார், எனக்கும் அந்தக் கல்லில் பங்கு இருப்பதாக. பஸ் பத்து மைல் போகும்வரை மைக் அணைந்தே இருந்தது. அப்புறம் ஒரு சிவப்பு முதுகு ஆடு குறுக்கே வந்தது; மேயோவின் தோல்விகள் மறுபடி தொடங்கின.

வடக்கே எல்லை தாண்டினால் வேகப் பலகைகள் மைலுக்கு மாறிவிடும். ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ஜயண்ட்ஸ் காஸ்வே: நாற்பதாயிரம் எரிமலைப் பாறைத் தூண்கள். பக்கத்திலேயே கரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலம்: கடலுக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் இருபது மீட்டர் நீளம். (பஸ்ஸை யார் பார்த்துக்கொள்வது?) எனக்கு ஆன்ட்ரிம் என்றதும் வேறொருவர் ஞாபகம். 1814-இல் அந்த மாவட்டத்தில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 1838-இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வேரூன்றி, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. பயணத்தின் தொடக்கத்திலேயே இதை டிரைவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார். அந்தக் கவனத்துக்கு அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மாவட்ட எல்லையைத் தாண்டியதும் மைக் சொடுக்கியது. “இந்த ஊர்ப் பையன் ஒருவன் இந்தியாவுக்குப் போய்த் தமிழர்களுக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தான். அதுவரை அவர்களிடம் இலக்கணமே கிடையாது.” நான் முன்னால் சாய்ந்தேன். “கடற்கரையில் நூறடி உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை.” எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தொல்காப்பியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். ஓஹையோக்காரர் என் தோளில் கை வைத்து, “இப்போது நன்றாகவே பேசுகிறீர்கள்” என்றார். இரவுச் சாப்பாட்டுக்குள் கால்டுவெல் டிரைவருடைய பாட்டிக்கு உறவாகிவிட்டார்.

கடைசி நாள் டப்ளின். கைகுலுக்கும்போது உள்ளங்கைக்குள் கவர் மாறும். வாங்குவது தெரியாமல் வாங்குவதும் அவருடைய கலைகளில் ஒன்று. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தார். ஜெர்மன்காரர் மலைச் சிங்கம், ஆஸ்திரேலியப் பெண்மணி அட்லாண்டிக் வீராங்கனை. மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் வட்டமடித்தவர்களும் அந்தப் பட்டத்தை நம்பித்தான் விமான நிலையத்துக்குப் போனார்கள். கடைசியாக நான் கேட்டேன், “உங்களுக்கு லீவு வந்தால் எங்கே போவீர்கள்?”

“டெனெரீஃப். வருஷா வருஷம். மழையே கிடையாது. நாள் முழுக்க நாற்காலியில் படுத்திருப்பேன்.”

“அங்கே பெரிய எரிமலை இருக்கிறதே, ஏறினீர்களா?”

“ஏறுவதா? பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். மனைவி இறங்கிப் பார்த்தாள்.” சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த டிரைவர் இருக்கிறானே, சரியான புளுகன்.”